மலைப்பகுதித் தொழிற்சாலையில் உடைமைகளுக்கு ஆர்எஃப்ஐடி லேபிள் ஒட்டும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் மோட்டார், தராசு, கவாத்து இயந்திரம், கணினி ஆகியவற்றில் எது எங்கே இருக்கிறது என்பதை அறிய ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையால் தொடாமலே படிக்கக்கூடிய, சிறு சில்லு பதித்த அடையாள லேபிள்) பெரிதும் உதவுகிறது. ஆனால் இந்த ஈரத்தில் சில்லு பழுதாவதற்கு வெகுமுன்பே லேபிள் உரிந்துவிடும் என்பதால், லேபிளையும் பசையையும் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, தனி எண் கொடுங்கள். எண்ணில் பிரிவின் பெயரைச் சேர்க்க வேண்டாம். வாட்டும் பிரிவின் மோட்டார் நாளை உலர்த்தும் பிரிவுக்குப் போனால் அந்த எண் தவறான இடத்தைச் சொல்லும்.

வெப்பத்தால் கறுக்கும் தாள் லேபிளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் லேபிளில் ரெசின் ரிப்பன் (பிசின் கலந்த மை பூசிய அச்சு நாடா) கொண்டு அச்சிடுங்கள். நான் தொடக்கத்தில் தாள் லேபிள்களையே ஒட்டினேன். ஆடி மழை முடிவதற்குள் அவற்றின் ஓரங்கள் சுருண்டன, உலர்த்தியின் அருகில் இருந்தவை எழுத்துத் தெரியாமல் முழுவதும் கறுத்துப்போயின. ஆர்எஃப்ஐடி பிரிண்டர் எண்ணை அச்சிடும்போதே சில்லிலும் பதிந்துவிடும். டேக்கைப் படிக்கும் கருவியான ரீடர் கையில் இல்லாதபோது கைப்பேசியால் பார்க்க கியூஆர் குறியும், கண்ணால் படிக்க எண்ணும் லேபிளில் கட்டாயம் இருக்கட்டும்.

சாதாரண டேக்கை இரும்பின் மேல் ஒட்டினால் ரீடருக்கு அது பெரும்பாலும் தெரியாது. இயந்திரங்களுக்கு உலோகப் பரப்புக்கென்றே செய்யப்பட்ட, சற்றுத் தடித்த டேக் வேண்டும். நீரும் அலையை விழுங்குவதால், பச்சைத் தேயிலை குவியும் பக்கத்தைத் தவிர்த்து ஒட்டுங்கள்.

ஒட்டும் இடத்தில் எண்ணெயோடு பனி ஈரமும் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலரவிட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். பெரும்பாலான பசைகள் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாகப் பற்றுவதில்லை. ஆகவே மார்கழிக் காலையில் ஒட்டாமல், வெயில் ஏறிய பிறகு ஒட்டி, மூன்று நாள் நீர் படாமல் பாருங்கள்.

ரீடர் வாங்கும்போது, அது இந்தியாவுக்குரிய 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசையில் இயங்குகிறதா என்று கேளுங்கள். 902 முதல் 928 வரையுள்ளது அமெரிக்காவுக்கானது.

மாதம் ஒருமுறை ரீடருடன் சுற்றி வரும்போது ஓர் எண் பதிவாகாவிட்டால், பொருள் தொலைந்ததாக உடனே எழுதிவிடாதீர்கள். நேரில் சென்று பாருங்கள். லேபிள் மட்டும் உரிந்திருந்தால், அதே எண்ணில் புதிய டேக் அச்சிட்டு, பழைய சில்லின் அடையாள எண்ணை (சில்லைச் செய்யும்போதே அதில் பதிந்து வரும் தனி எண்ணை) பதிவேட்டில் நீக்குங்கள்.