மொரீஷியஸில் பொருளைத் தவறவிட்டால் திரும்பப் பெறுவது எப்படி? முதல் பத்து நிமிடத்திலிருந்து ஆரம்பிப்போம்

போன வருஷம் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். ஒரு திங்கட்கிழமை மாஹேபூர் சந்தைக்குப் போய்விட்டு, பஸ் பிடித்து க்யூர்பிப் வந்து இறங்கினோம். ரோஸ் ஹில் போக மெட்ரோவுக்கு நடக்கும்போதுதான் அம்மா தன் கையைப் பார்த்தார். மஞ்சப்பை இல்லை. அதற்குள் அவருடைய கண்ணாடி, ஒரு மாதத்துக்கான பிரஷர் மாத்திரை, திருநீற்றுச் சம்படம். ஸ்டாண்டுக்குத் திரும்பி ஓடினோம். வந்த பஸ் கிளம்பிப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே பை கைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் மச்சினர் இங்கே வந்து தவறவிட்ட கேமரா இன்றுவரை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒன்றுதான். கேமராவுக்கு நாங்கள் மறுநாள் காலையில்தான் போன் செய்தோம். விட்டுப்போன பொருள் நாம் விட்ட இடத்திலேயே இருப்பதில்லை. வண்டியோடு போகும், துடைக்க வருபவர் கையில் போகும், அங்கிருந்து ஒரு அலமாரிக்கோ டிப்போவுக்கோ போகும். மணிக்கு மணி இடம் மாறும். அதனால் "எங்கே விட்டேன்?" என்று மண்டையைக் குடைவதைவிட, "இந்நேரம் அது எங்கே போயிருக்கும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே சொல்வது எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

படி 1: ஓடுவதற்கு முன் எழுதுங்கள்

பதற்றத்தில் எல்லாரும் முதலில் ஓடத்தான் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, போனிலோ ஒரு துண்டுச் சீட்டிலோ எழுதுங்கள். பொருளைக் கடைசியாகத் தொட்டது எப்போது, எந்த இடத்தில்? "பார்த்தது" என்று எழுதாதீர்கள். பார்த்ததாகத் தோன்றுவதை மனசு தானாகவே சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் எடுக்க ஜிப்பைத் திறந்தது, டிக்கெட்டுக்குச் சில்லறை எடுத்தது, இந்த மாதிரி கை செய்த வேலையை நினைவுபடுத்திப் பாருங்கள். ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், உட்கார்ந்த பக்கம், ஜன்னலோரமா நடையோரமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பொருளின் அடையாளம். நிறம், அளவு, உள்ளே இருப்பவை. இதில் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மஞ்சப்பையின் ஒரு கைப்பிடி முன்பு அறுந்துபோய், அம்மா சிவப்பு நூலால் தைத்திருந்தார். அதை நாங்கள் முதலில் சொல்லவில்லை. பை உங்களுடையதுதானா என்று எதிரில் இருப்பவர் சந்தேகப்படும்போது அந்த ஒரு தகவல்தான் உதவும். பர்ஸாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒரு போட்டோ, போனாக இருந்தால் உறையின் உட்பக்கக் கீறல், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும்.

படி 2: பஸ்ஸில் விட்டிருந்தால்

இங்கே அதிகம் தொலைவது பஸ்ஸில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொரீஷியஸில் எல்லா பஸ்ஸும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை. தேசியப் போக்குவரத்துக் கழகம், யுனைடெட் பஸ் சர்வீஸ், ரோஸ் ஹில் டிரான்ஸ்போர்ட், திரியோலே பஸ் சர்வீஸ் என்று பல கம்பெனிகள் உண்டு. ஒன்றிரண்டு வண்டியை மட்டும் வைத்து ஓட்டும் தனி முதலாளிகளும் இருக்கிறார்கள். ஒரே தடத்தில் இரண்டு மூன்று பேருடைய வண்டிகள் ஓடும். எனவே முதலில் தெரிய வேண்டியது அது யாருடைய வண்டி என்பது. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. டிக்கெட் இல்லையென்றால் வண்டியின் நிறத்தையாவது சொல்லப் பாருங்கள். தனியார் வண்டிகள் பலவற்றில் முகப்பிலோ பக்கவாட்டிலோ வண்டிக்கென்று ஒரு பெயரைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். ஏறும்போதே அந்தப் பெயரைப் படித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இப்போது வந்துவிட்டது.

அடுத்து, இறங்கிய ஸ்டாண்டுக்கே போங்கள். போர்ட் லூயிஸில் தெற்கே போகும் வண்டிகளுக்கு விக்டோரியா ஸ்டேஷன், வடக்கே போகிறவற்றுக்கு இமிக்ரேஷன் ஸ்கொயர். க்யூர்பிப்பில் யான் பலாக். அங்கே வண்டி வரும் நேரம், போகும் நேரம் குறித்துக்கொண்டு ஓர் ஊழியர் நிற்பார். போன் செய்வதைவிட அவரிடம் நேரில் கேட்பது நூறு மடங்கு நல்லது. எந்த வண்டி எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரே வண்டி ஒரே தடத்தில் ஒரு நாளில் பல நடை அடிக்கும். நம் பையும் அதோடு போய்த் திரும்பி வரும். நாங்கள் செய்ததெல்லாம் அந்த வண்டி மறுபடி வரும்வரை ஸ்டாண்டிலேயே காத்திருந்ததுதான்.

வண்டி வந்தது. கண்டக்டர் பையைத் தன் இருக்கைக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டி வைத்திருந்தார். அம்மாவைப் பார்த்து, "தாந்தின், கி எனா லாதாங்?" என்று கேட்டார். அத்தை, உள்ளே என்ன இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கு இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. கண்ணாடி என்று கண்ணைத் தொட்டார், திருநீறு என்று நெற்றியைத் தொட்டார், அப்புறம் கைப்பிடியில் இருந்த சிவப்புத் தையலை விரலால் காட்டினார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே பையைக் கழற்றிக் கொடுத்தார்.

உங்களுக்கும் கிரியோல் தெரியாது என்றால் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "போன்ஜூர், மோன் ப்ளியே மோ சாக் தாங் பிஸ்." வணக்கம், என் பையை பஸ்ஸில் மறந்துவிட்டேன். நிறம் சொல்ல, கருப்புக்கு நுவார், சிவப்புக்கு ரூஸ், நீலத்துக்கு ப்ளே, பச்சைக்கு வேர், மஞ்சளுக்கு ஸோன். இங்கே ஆங்கிலமோ பிரெஞ்சோ பெரும்பாலோருக்குப் புரியும். இருந்தாலும் கிரியோலில் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து தேட வந்துவிடுவார்கள். இங்குள்ள தமிழர்களிலும் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசிக்கொண்டு போகாதீர்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கிராமப்புறத் தடங்களில் மாலை 6.30 மணிவாக்கில் ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு வண்டி டிப்போவுக்கோ முதலாளி வீட்டுக்கோ போய்விடும். ஆகவே மதியம் தொலைந்ததை மதியமே தேடுங்கள்.

படி 3: மெட்ரோ, டாக்சி, கோவில்

மெட்ரோ சுலபம். ஒரே நிர்வாகம், தடமும் ஒழுங்கானது. ஏறிய ஸ்டேஷன், இறங்கிய நேரம், எந்தப் பக்கம் போன ரயில் என்று ஸ்டேஷன் ஊழியரிடம் உடனே சொல்லிவிட்டால், அடுத்து வரும் ஸ்டேஷனுக்கு அவர்களே தகவல் கொடுக்க முடியும்.

டாக்சியின் கதவில் அது எந்த ஸ்டாண்டைச் சேர்ந்தது என்று எழுதியிருக்கும். டிரைவரின் நம்பர் இல்லாவிட்டாலும் அந்த ஸ்டாண்டுக்குப் போய்க் கேளுங்கள். அங்கே நிற்பவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியும். ஹோட்டல் பிடித்துக் கொடுத்த டாக்சி என்றால் ஹோட்டல் வரவேற்பறையிலேயே கேட்டுவிடலாம்.

தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. அன்று காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையடிவாரக் கோவிலில் அவ்வளவு கூட்டம். செருப்பு, போன், குழந்தையின் வளையல் என்று என்னென்னவோ விட்டுப்போகும். போலீஸைத் தேடுவதற்கு முன் கோவில் அலுவலகத்துக்குப் போங்கள். மைக்கில் அறிவிப்பார்கள்.

படி 4: விமான நிலையத்தில் மூன்று கதவுகள்

பிளெசான்ஸ் விமான நிலையத்தில் பொருளைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நின்று அலைகிறார்கள். மூன்றும் வேறு வேறு விஷயம்.

விமானத்துக்குள், இருக்கைப் பையிலோ மேல் தட்டிலோ விட்டிருந்தால், விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். போர்டிங் பாஸில் இருக்கும் இருக்கை எண்தான் இங்கே முக்கியம். சோதனைத் தட்டில், கழிப்பறையில், காபிக் கடையில் விட்டிருந்தால் விமான நிலைய நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பெல்ட்டில் பெட்டியே வரவில்லை என்றால் அது தொலைந்த பொருள் கணக்கில் வராது, பயணப்பெட்டிப் புகார் கணக்கில் வரும்.

இந்த மூன்றாவதில் ஒரு விஷயம் கண்டிப்பு. கஸ்டம்ஸைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்பே, பெல்ட் பக்கத்தில் இருக்கும் பெட்டிப் புகார் மேசையில் அறிக்கை எழுதி வாங்கிவிடுங்கள். வெளியே வந்துவிட்டால் உள்ளே திரும்பிப் போக விடமாட்டார்கள். அறிக்கையில் பத்து எழுத்து, எண் கொண்ட ஒரு குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து விமான நிலையம், அடுத்த இரண்டு விமான நிறுவனம், பிறகு ஐந்து எண்கள். இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை எங்கிருந்தும் தேடிப் பார்க்க இந்தக் குறியீடு போதும். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி 21 நாளுக்குள் வரவில்லை என்றால் தொலைந்ததாக வைத்து இழப்பீடு கேட்கலாம். உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்ததற்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்.

படி 5: பாஸ்போர்ட், போன்

பாஸ்போர்ட் போய்விட்டால் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் டெக்லராசியோன், அதாவது தொலைந்ததைப் பற்றிய வாக்குமூலம், கொடுத்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்றால் அழையுங்கள், 999. பிறகு போர்ட் லூயிஸில் இருக்கும் இந்தியத் தூதரகம். புது பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க நேரம் இல்லையென்றால் ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் தருவார்கள். புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகாதீர்கள். அது ரத்தாகியிருக்கும். தூதரகத்தில் ஒப்படையுங்கள்.

போனுக்கு முதலில் வேறு நம்பரிலிருந்து கால் செய்யுங்கள், எடுத்தவரிடம் அமைதியாகப் பேசுங்கள். எடுக்கவில்லை என்றால் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து போனைப் பூட்டி, திரையில் ஒரு தொடர்பு எண் தெரியும்படி செய்யுங்கள். இங்குள்ள உள்ளூர் எண்ணாக இருக்கட்டும். கண்டெடுத்தவர் இந்திய எண்ணுக்குக் காசு செலவழித்துக் கூப்பிட வேண்டியிருந்தால் தயங்குவார். போனில் உள்ளதை உடனே அழித்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் அழித்துவிட்டால் இருப்பிடம் காட்டாது. 2024 பிப்ரவரியிலிருந்து இங்கே யுபிஐ வேலை செய்கிறது. அந்த வசதிக்காகவே இந்திய சிம்மை வைத்திருப்பவர்கள் பாங்கைக் கூப்பிட்டு யுபிஐயை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்க்க வேண்டும். பயணத்துக்கு முன்பே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். போலீஸில் அதைத்தான் கேட்பார்கள்.

படி 6: ஊருக்குப் போன பிறகு கிடைத்தால்

ஹோட்டல் அறையில் விட்டுவந்தது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். அறை எண், தங்கிய தேதி, அறைக்குள் எந்த இடம் (அலமாரியின் மேல் தட்டு, குளியலறைக் கதவின் பின்பக்கக் கொக்கி) என்று குறிப்பாக மின்னஞ்சல் அனுப்புங்கள். அனுப்பும் செலவு உங்களுடையது என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் காரியம் வேகமாக நடக்கும். சார்ஜர், துணி, கண்ணாடி எல்லாம் தபாலில் வரும். பவர் பேங்க் மட்டும் வராது. லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிடுங்கள்.

தெரிந்தவர் யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்பலாம். ஆனால் மூடி ஒட்டிய பொட்டலமாக ஒருபோதும் வேண்டாம். கொண்டுவருபவர் கண் முன்னால் திறந்து காட்டி, அவர் கையாலேயே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

படி 7: கிடைத்த பிறகு

நீங்கள் சொல்லிவைத்த எல்லா இடத்துக்கும் திரும்பப் போன் செய்து, கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். மஞ்சப்பை வந்த சந்தோஷத்தில் நான் இதை மறந்துவிட்டேன். மாஹேபூர் ஸ்டாண்டில் ஒருவரிடம் போனில் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஒவ்வொரு வண்டியாக ஏறிப் பார்த்தாராம், பை கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டார். அடுத்த திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி மாஹேபூர் போனேன், அவரைப் பார்க்க.