கோணிய தகட்டை மட்டமாக்குவது எப்படி

கோணிப்போன தகட்டைப் பார்த்ததும் சுத்தியலைத் தேட வேண்டாம். முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக நின்றால் அது வெறும் வளைவு. ‘டப்’பென்று உள்ளே போய், மறுபடி வெளியே துள்ளினால் அந்த இடத்தில் உலோகம் இழுபட்டுப் பரப்பு கூடிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வளைவை அடிப்பதைவிட எதிர்ப்பக்கம் வளைத்து எடுப்பதுதான் சுத்தமான வேலை. வளைவுக் கோடு மேசை விளிம்பில் வரும்படி தகட்டை வைத்து, மேலே ஆங்கிள் இரும்பைப் போட்டு, இரு முனையிலும் கிளாம்ப் இறுக்குங்கள். பிறகு மட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே தள்ளுங்கள். கையை விட்டதும் தகடு பின்வாங்கி மட்டத்துக்கு வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதா இரும்பைவிட அதிகம் பின்வாங்கும். தகடு முழுக்கச் சுருண்டிருந்தால் மூன்று உருளை ரோலரில் விட்டு, புரட்டிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கூர்மையாக மடிந்த தகடு அவ்வளவு எளிதில் வழிக்கு வராது. மடிந்த கோடு இறுகியிருக்கும். விரிக்கும்போது அது அசையாது, அதன் இரு பக்கமும்தான் வளையும். மேடு மேலே இருக்க இரும்புப் பலகையில் வைத்து, மேட்டின் மீது கெட்டியான மரக்கட்டையைப் பிடித்துக் கொட்டாப்புளியால் அடியுங்கள். ஓரிடத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், கோடு நெடுக லேசாகப் பல தடவை போய் வாருங்கள். 6061-டி6 போன்ற கடின அலுமினியம் இப்படி விரித்தால் பெரும்பாலும் வெடித்துவிடும். அதைக் காப்பாற்ற முயல்வதைவிடப் புதுத் தகடு வெட்டுவது மேல்.

இழுபட்ட தகட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நடுவில் புடைப்பைக் கண்டதும் அதன் தலையிலேயே அடிப்பார்கள். இரும்புச் சுத்தியலுக்கும் இரும்புப் பலகைக்கும் நடுவே சிக்கும் உலோகம் மெலிந்து விரியும். புடைப்பு இன்னும் பெருக்கும். புடைப்பைத் தொடாமல் அதைச் சுற்றி அடிக்கத் தொடங்கி, விளிம்பை நோக்கிப் போகப் போக அடிகளைக் கூட்டுங்கள். சுற்றுப்புறமும் நீண்டால் நடுவில் தேங்கிய உபரிக்கு இடம் கிடைக்கும். விளிம்பு அலையடித்தால் கணக்குத் தலைகீழ்: நடுவில் அடியுங்கள், விளிம்பை விட்டுவிடுங்கள்.

சுற்றி அடிக்க இடமில்லையென்றால் சூடு. ஒரு மில்லிமீட்டர் வாக்கிலான சாதா இரும்புத் தகட்டில், புடைப்பின் உச்சியில் சுமார் 10 மில்லிமீட்டர் வட்டம் மங்கிய சிவப்பாகும்வரை காய்ச்சுங்கள். அடியில் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புத் தாங்குகட்டையை) லேசாக முட்டுக்கொடுத்து, சிவந்த வட்டத்தைச் சுற்றி நாலைந்து மெல்லிய தட்டு. உடனே ஈரத்துணியால் ஒற்றுங்கள். சுருங்கும். பெரிய வட்டமாகக் காய்ச்சினால் தகடே முறுக்கிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் இந்த வேலை வேண்டாம், புகை நுரையீரலுக்குக் கேடு.

அடிக்கொருதரம் இரும்பு ஸ்கேலை அதன் நீள விளிம்பு படும்படி நிமிர்த்தித் தகட்டின் மேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். நீளவாக்கில் மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். குறுக்கு மூலைகளில் வைத்தால்தான் முறுக்கல் தெரியும்.