செகண்ட் லைஃப் உடைகளைப் படமெடுத்து அறிமுகப்படுத்துவது எப்படி?

செகண்ட் லைஃப் போன்ற மெய்நிகர் உலகில் ஆடை அணிகளைப் பற்றி எழுதுகிறவர், தாம் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைவிட, அதைப் பார்த்து வாங்குகிறவரின் அவதாருக்கும், அதாவது அங்கே அவராக உலவும் உருவத்துக்கும், அந்த உடை அப்படியே அமையுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில், லின்டன் லேப் நிறுவனம் 2003இல் தொடங்கிய அந்த உலகில் புழங்கும் லின்டன் டாலரைப் பலரும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தே வாங்குகிறார்கள்.

அவதார் அணிந்திருக்கும் உடலின் பெயரைச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். முன்பு எல்லா அவதார்களுக்கும் அடிப்படை உடல் ஒன்றாகவே இருந்ததால் ஒரு சட்டை எல்லோருக்கும் பொருந்தியது. 2011இல் மெஷ் எனப்படும் முப்பரிமாண வலை வடிவங்கள் வந்து, மெய்ட்ரேயா, பெலெசா எனத் தனித்தனி உடல்கள் பெருகிய பிறகு, ஒன்றுக்காகச் செய்த உடை மற்றொன்றில் சரியாக உட்காருவதில்லை. எனவே நீங்கள் அணிந்திருக்கும் உடல், தலை, ஸ்கின் எனப்படும் தோல் பூச்சு ஆகியவற்றின் பெயர்களை, உடையின் பெயரைப் போலவே தவறாமல் குறிப்பிடுங்கள்.

வாங்குமுன் அணிந்து பார்க்கத் தரப்படும் மாதிரியான டெமோ கிடைத்தால் முதலில் அதை அணிந்து பாருங்கள். அவதாரை ஒரே நிலையில் நிறுத்திவைக்கும் போஸ் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும்போது எந்த உடையும் குறையில்லாமல்தான் தெரியும். அவதாரை நாற்காலியில் உட்கார வையுங்கள்; தொடை மடங்கும் இடத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு தோல் வெளியே தெரிகிறதா, கையை உயர்த்தினால் அக்குளில் மெஷ் இழுபட்டு நெளிகிறதா என்று கேமராவை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். உடலின் ஹட்டில், அதாவது திரையில் தெரியும் அதன் கட்டுப்பாட்டுப் பலகையில், உடலின் அந்தப் பகுதியை மறைத்தால் சரியாகிவிடும் என்றால், எந்தப் பகுதியை மறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வாங்கியவர் அரை மணி நேரம் தடுமாறாமல் இருக்க அந்த ஒரு வரி போதும்.

ஒளியமைப்பில் உங்கள் ரசனைக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம், ஆனால் அந்தி வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை இளஞ்சிவப்பாகிவிடும் என்பதால், நிறம் கலக்காத வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் கூடவே சேர்ப்பது நல்லது. ஒளி படும் விதத்தை இயல்பாகக் காட்டும், அண்மைக்காலத்தில் வந்த பிபிஆர் வகை உடைகள், செகண்ட் லைஃபைப் பார்க்க உதவும் மென்பொருளான வியூவரின் பழைய பதிப்புகளில் அதே பளபளப்போடு தெரியாது; அதையும் சொல்லிவிடுங்கள். முகத்தருகே கேமராவைக் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், சற்றுத் தள்ளி நின்று, கன்ட்ரோல் விசையோடு 0ஐ அழுத்திப் பார்வைக் கோணத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்பக் கன்ட்ரோலோடு 9ஐ அழுத்தினால் போதும். துணியின் நெசவு திரையில் முழுவதும் ஏறித் தெளிவாகும்வரை காத்திருந்து எடுங்கள்.

படத்தைத் திருத்தும்போது பின்னணியையும் கலைந்த முடியையும் சீராக்குவதில் தவறில்லை. உடையில் இருக்கும் தையல் பிசகைப் பூசி மறைப்பது மட்டும் கூடவே கூடாது. ஏனெனில் வாங்குகிறவருக்கு அந்தப் பிசகோடுதான் உடை போய்ச் சேரும். படைப்பாளர் இலவசமாகக் கொடுத்த உடை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடையின் பெயர், உடையின் பெயர், அணிந்த நிறம், அந்த நிறம் தனியாகக் கிடைக்கிறதா அல்லது முழுத் தொகுப்பாக மட்டும்தானா என்பன அவசியம். குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் நடக்கும் விற்பனை நிகழ்வில் வாங்கியிருந்தால், அது முடியும் தேதியையும் குறிப்பிடுங்கள். கடைகள் அடிக்கடி இடம் மாறுவதால், வெளியிடும் முன், கடைக்கு நேரே கொண்டுபோகும் இட இணைப்பான லேண்ட்மார்க்கைச் சொடுக்கி நீங்களே ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.