ஆர்க் ஃப்ளாஷ்: ஷாக்கை மட்டும் நினைத்துப் பேனலைத் திறக்காதீர்கள்

மின் பேனல் வேலையில் என்ன ஆபத்து என்று கேட்டால், ஷாக் என்றுதான் பதில் வரும். முதல் தவறு அதுதான். ஆர்க் ஃப்ளாஷ் என்பது மின்சாரம் காற்றின் வழியே பாய்ந்து நெருப்பாக வெடிப்பது. அதில் சிக்க எதையும் தொட வேண்டியதில்லை. கை நழுவிய ஸ்பேனர் மின்சாரம் ஓடும் இரண்டு பஸ்பாருக்கு (தடித்த உலோகப் பட்டைகளுக்கு) குறுக்கே விழுந்தால் போதும். அந்த நெருப்பின் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பைவிட மூன்று மடங்குக்கும் அதிகம். ஆவியாகும் செம்பு ஏறத்தாழ 67,000 மடங்கு விரிவதால், வெடித்த வேகத்தில் பேனல் கதவே பிய்ந்து வரலாம்.

“மெயினை ஆஃப் பண்ணியாச்சு” என்ற பேச்சை நம்பிக் கை வைப்பது இன்னொரு தவறு. மெயின் பிரேக்கரை இறக்கினாலும் அதற்குச் சப்ளை வரும் டெர்மினல்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். இந்தப் பேனலுக்குச் சப்ளை எங்கிருந்து வருகிறதோ அங்கே நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் டெஸ்ட். மீட்டரை முதலில் சப்ளை உள்ள ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து வேலை செய்யும் இடத்தில், ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் என்று எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு மறுபடியும் சப்ளை உள்ள இடத்தில் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நடுவிலேயே மீட்டரின் ஒயர் அறுந்திருந்தால், லைன் இருக்கும்போதே அது சைபர் காட்டும். சோதனை முடியும்வரை லைனில் வேலை செய்வதாகவே நினைத்துப் பாதுகாப்பு உடையைக் கழற்றாமல் இருங்கள்.

உடை விஷயத்திலும் ஏமாறுகிறோம். ரப்பர் கையுறை ஷாக்குக்குத்தான். அதன்மேல் தோல் கையுறையும் வேண்டும். பாலியெஸ்டர் பனியன் உள்ளே இருந்தாலும் உருகித் தோலோடு ஒட்டிவிடும். சாதாரணப் பருத்திச் சட்டை உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி பட்டாலே தோல் கொப்புளிக்கும். அந்த இடத்துக்குக் கணக்கிட்ட கலோரியைத் தாங்கும் ஆர்க் உடைதான் வேண்டும்.

அதிகம் கவனிக்காத தவறு பிரேக்கரில் இருக்கிறது. ஆர்க் எவ்வளவு நேரம் எரிகிறதோ அவ்வளவுக்குக் காயம். 0.1 நொடியில் விழுந்து சப்ளையைத் துண்டிக்க வேண்டிய பிரேக்கர் 1 நொடி எடுத்துக்கொண்டால், உடல்மேல் படும் வெப்பமும் பத்து மடங்காகிவிடும். கிரீஸ் காய்ந்து இறுகிப்போன பிரேக்கர் அப்படித்தான் தாமதிக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று காரணம் தேடாமல் பிரேக்கரின் ட்ரிப் செட்டிங்கை ஏற்றி வைப்பதும் அதே ஆபத்தை வரவழைக்கிறது. இது எனக்கு மிகவும் கவலை தருகிறது, ஏனென்றால் செட்டிங்கை ஏற்றியவர் ஒருவர், எரிபவர் வேறொருவர்.

பிரேக்கரை ஏற்றும்போது நேரெதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து இயக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அந்தக் கலோரிக் கணக்கைச் சொல்லும் லேபிள் கதவில் ஒட்டியிருக்கும்; அதன் தேதியையும் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரோ பிரேக்கரோ மாறியிருந்தால் பழைய கணக்கு செல்லாது. மாறாவிட்டாலும் 5 ஆண்டுக்குள் ஒருமுறை கணக்கை மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது என்.எஃப்.பி.ஏ. 70இ என்ற அமெரிக்க மின் பாதுகாப்புத் தரநிலை.