அரமும் கரி நெருப்பும் போதும்: முதல் கத்தியைக் கையாலேயே செய்வது எப்படி?

கத்தி செய்து பார்க்கலாம் என்ற ஆசை வந்ததும் பலரும் உலோகத்தைத் தேய்க்கும் மெஷினான பெல்ட் கிரைண்டரின் விலையைப் பார்க்கிறார்கள், அத்தோடு ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். முதல் கத்திக்கு அது தேவையே இல்லை. ஒரு ஹேக்ஸா, இரண்டு மூன்று அரங்கள், ஒரு ட்ரில், உப்புத்தாள், கொஞ்சம் கரி இருந்தால் வருடக்கணக்கில் உழைக்கும் கத்தி ஒன்றைச் செய்துவிடலாம். சொல்லப்போனால் முதல் கத்தியை அரத்தால் செய்வதுதான் நல்லது. மெஷின் ஒரு நொடியில் கெடுத்துவிடும் இடத்தைக் கெடுக்க அரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் கண் பார்த்துவிடும், கையும் நின்றுவிடும்.

எந்த எஃகு வாங்குவது?

1084 என்ற எண்ணுள்ள கார்பன் எஃகைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் 1075. கடைசி இரண்டு எண்கள் அதிலுள்ள கார்பனைச் சொல்கின்றன: 1084-இல் சுமார் 0.84 சதவீதம். சாதாரண இரும்புப் பட்டையில் கார்பன் மிகக் குறைவு. எவ்வளவு சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் அது கத்தி அளவுக்குக் கடினமாகாது. துருப்பிடிக்காத எஃகு வேண்டாம்; அதை 1000 டிகிரிக்கு மேல் துல்லியமாகச் சூடாக்கிப் பிடித்து வைக்க வேண்டும், கரி நெருப்பில் அது நடக்காது. பழைய அரம், வண்டியின் ஸ்பிரிங் பட்டை போன்றவற்றை எடுத்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் என்ன எஃகு என்று தெரியாமல் ஆரம்பித்தால், பின்னால் கத்தி சரியாக வராதபோது கோளாறு எஃகிலா உங்கள் சூட்டிலா என்று கண்டுபிடிக்க முடியாது.

3 மி.மீ. தடிமன், 30 முதல் 40 மி.மீ. அகலம், 25 செ.மீ. நீளம் போதும். விற்கும்போதே மிருதுவாக்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். கெட்டியான எஃகில் அரம் ஏறாது.

வரைந்து வெட்டுவது

அலகு 8 அல்லது 9 செ.மீ., பிடி 11 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். சின்ன அலகு சீராகச் சூடேறும், வளைவதும் குறைவு. முதலில் அட்டையில் வெட்டி, பிடித்துப் பாருங்கள். விரல் எங்கே உட்காருகிறது, முனை எங்கே பார்க்கிறது என்பதை அட்டையே காட்டிவிடும். அலகும் பிடியும் ஒரே துண்டாக இருக்கட்டும். பிடியின் முழு வடிவமும் எஃகிலேயே வந்து, இரு பக்கமும் மரப் பலகை ஒட்டும் முறை ஆரம்பத்துக்கு எளிது.

வடிவத்தை மார்க்கரில் வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே ஹேக்ஸாவால் அறுங்கள். ரம்பம் திரும்ப முடியாத வளைவுகளில் வரிசையாகத் துளை போட்டு, இடையில் அறுத்து எடுங்கள். மீதியை அரத்தால் கோடு வரை தேய்க்கலாம். பிடியில் ஆணிக்கான இரண்டு துளைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். கடினமாக்கிய பிறகு சாதாரண ட்ரில் பிட் அதில் இறங்காது.

சரிவு: அவசரப்படக் கூடாத இடம்

முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி மெலிந்து இறங்கும் முகம்தான் சரிவு. கத்தியின் வெட்டும் குணம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. வெட்டும் விளிம்பு முழுவதும் மார்க்கர் மை பூசுங்கள். அலகைச் சமதளத்தில் படுக்கவைத்து, பக்கத்திலேயே 4 மி.மீ. ட்ரில் பிட் ஒன்றையும் படுக்கவைத்து, அதன் முனையால் விளிம்பில் ஒரு கோடு கீறுங்கள். அலகைப் புரட்டிப் போட்டு இன்னொரு கோடு. 3 மி.மீ. எஃகில் இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே சரியாக 1 மி.மீ. இருக்கும். இரு பக்கச் சரிவும் இந்தக் கோடுகளை நோக்கித்தான் இறங்க வேண்டும்.

அலகை ஒரு பலகைமேல் வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். முதலில் 45 டிகிரியில் தேய்த்து விளிம்பைக் கோடு வரை இறக்குங்கள். அப்புறம் கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கவைத்து, சரிவை முதுகுப் பக்கமாக ஏற்றுங்கள். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பல் மழுங்கும். பல்லிடுக்கில் துகள் அடைந்தால் உலோகத்தில் ஆழமான கீறல் விழும். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைப்பது குறையும், அடைந்ததைக் கம்பி பிரஷ்ஷால் எடுக்கலாம். ஒரு பக்கத்தையே முடித்துவிடாமல் மாறி மாறிச் செய்யுங்கள். சரிவு வடிவத்துக்கு வந்ததும் அரத்தைக் குறுக்காக இரு கையாலும் பிடித்து, அலகின் நீளவாக்கில் சீராக நகர்த்துங்கள். கீறல்கள் மறைந்து தட்டையான முகம் கிடைக்கும்.

விளிம்பை இப்போதே கூராக்கிவிடாதீர்கள். 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் எண்ணெயில் முக்கும்போது வளையலாம், விரிசலும் விடலாம். 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, ஆழமான கீறல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் பெரும்பாலும் அத்தகைய கீறலில்தான் தொடங்கும்.

நெருப்பும் எண்ணெயும்

திறந்த வெளியில், நிழலான இடத்தில் செய்யுங்கள். வெயிலில் எஃகின் நிறம் தெரியாது. உலைச் செங்கல் நான்கைந்தை அடுக்கி, உள்ளே கரி போட்டு, பழைய ஹேர் டிரையரால் காற்று கொடுத்தால் இந்த அளவு அலகுக்குப் போதும். ஈரமான கல்லோ ஆற்றுக் கல்லோ வேண்டாம், சூட்டில் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாய் எதையும் நெருப்பருகே கொண்டுவராதீர்கள், அதன் புகை நச்சு.

ஒன்றரை லிட்டர் சமையல் எண்ணெயை ஆழமான உலோகப் பாத்திரத்தில் ஊற்றி 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஒரு இரும்புத் துண்டைக் காய்ச்சி உள்ளே விட்டாலே போதும். சற்றுச் சூடான எண்ணெய் இளகி ஓடும், அலகை ஒரே சீராகக் குளிர்விக்கும். பாத்திரத்துக்கு மூடி பக்கத்திலேயே இருக்க வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. பழைய எஞ்சின் ஆயிலும் வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, பருத்தி உடை, நீண்ட இடுக்கி எல்லாம் தயாரான பிறகே நெருப்பை மூட்டுங்கள்.

அலகை நெருப்பில் முன்னும் பின்னும் நகர்த்திச் சூடாக்குங்கள். முனை மெல்லியது, முதலில் அதுதான் சூடேறும், அதைக் காத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் 1084-க்கு அது போதாது, ஏறக்குறைய 815 டிகிரி வேண்டும். காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு படி பிரகாசமாகும் வரை வைத்திருங்கள். மஞ்சளுக்குப் போனால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பெரிதாகி அலகு உடையக்கூடியதாகிவிடும்.

நிறம் முழு அலகிலும் ஒரே மாதிரி வந்ததும், தயங்காமல் முனை கீழாக நேரே எண்ணெயில் இறக்குங்கள். வெட்டுவது போல முன்னும் பின்னும் அசைக்கலாம், பக்கவாட்டில் அசைத்தால் வளையும். பத்துப் பதினைந்து நொடிக்குப் பிறகு எடுத்து ஆறவிடுங்கள். விளிம்பில் பழைய அரம் ஒன்றைத் தேய்த்துப் பாருங்கள். மேல் கறுப்புத் தோல் போனபின் அரம் பிடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது. பிடித்தால் சூடு போதவில்லை. மறுபடி செய்யலாம், பாதகமில்லை.

இப்போது அலகு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். அன்றைக்கே டெம்பரிங், அதாவது மிதமான சூட்டில் வைத்து உடையும் தன்மையைக் குறைப்பது, செய்துவிடுங்கள். எண்ணெயைத் துடைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, 200 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறியதும் இன்னொரு முறை. ஓவனில் காட்டும் எண்களை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வெளுத்த வைக்கோல் நிறம் படிந்தால் சரி. நீலம் வந்தால் சூடு அதிகம், விளிம்பு மிருதுவாகியிருக்கும்.

பிடி

அலகை 400 வரை உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பில் டேப் சுற்றிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த கெட்டி மரத்தில் இரண்டு பலகை வெட்டிக்கொள்ளுங்கள். எஃகின் துளைகள் வழியாகவே முதல் பலகையில் துளை போட்டு, ஆணியைச் செருகி, பிறகு இரண்டாவதற்குப் போடுங்கள். பலகைகளில் அலகுப் பக்கம் வரும் முன் நுனியை, பசை போடுவதற்கு முன்பே வழவழப்பாக்கிவிட வேண்டும். பிறகு அங்கே கை வைத்தால் அலகில் கீறல் விழும். எபாக்ஸி பசை பூசி, பித்தளைக் கம்பி ஆணிகளைச் செருகி, கிளாம்ப் போடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்துவிடும். ஒரு நாள் விட்டு அரத்தாலும் உப்புத்தாளாலும் கைக்கு ஏற்ப உருட்டுங்கள். மரத்தூளுக்கு முகமூடி அவசியம். ஆளி விதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கூர் தீட்டுவது

பக்கத்துக்கு 20 டிகிரி. அலகு 25 மி.மீ. அகலமென்றால் முதுகைக் கல்லிலிருந்து 8 அல்லது 9 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். 400 எண் கல்லில் தொடங்கி, எதிர்ப்பக்கம் விளிம்பு முழுவதும் பிசிறு தட்டுப்படும் வரை தேய்த்து, பக்கம் மாற்றுங்கள். அப்புறம் 1000 எண் கல், கடைசியில் தோல் பட்டை. தோலில் முதுகு முன்னே போகும்படி இழுக்க வேண்டும். தாளை வெட்டிப் பாருங்கள், சிக்கும் இடத்தில் பிசிறு மிச்சம் இருக்கிறது. இது துருப்பிடிக்கும் எஃகு என்பதால் ஒவ்வொரு முறையும் கழுவியவுடன் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். நாளடைவில் சாம்பல் நிறம் படியும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம், செந்துருவை மட்டும் உடனே நீக்கிவிடுங்கள்.