பணிவைப் பாராட்டப் போய் திட்டிவிடாதீர்கள்

ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் அப்ரைசல் சீசன் வந்தால் பலருக்கும் வரும் ஆசை இது: ஜூனியரைப் பற்றி 'பொலைட்' என்று எழுதினால் சப்பென்று இருக்கிறதே, கனமாக ஒரு சொல் போடுவோமே! தேடினால் கையில் மாட்டுவது 'அப்சீக்வியஸ்' (obsequious). மிகவும் பணிவானவர் என்று நினைத்து அதைப் பரிந்துரைக் கடிதத்தில் போட்டால், அந்தப் பையனுக்கு நீங்களே ஆப்பு வைத்த மாதிரி. இன்றைய ஆங்கிலத்தில் அது கூழைக்கும்பிடு போடுகிறவரைச் சொல்லும் சொல். சுத்தமான சென்னைத் தமிழில் ஜால்ரா.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லத்தீன் வேரிலிருந்து வந்தபோது அதற்குக் கடமை தவறாதவர், சொல் கேட்பவர் என்ற நல்ல பொருள்தான் இருந்தது. அளவுக்கு மீறிய பணிவின் மேல் சந்தேகம் விழ விழ, சொல்லும் கெட்டுப்போனது. 'அஃபிஷியஸ்' (officious) கதையும் இதேதான். 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியில் அதற்கு அன்பாக உதவுபவர் என்ற பொருளும் உண்டு. இன்றோ கேட்காமலே மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுகிறவர். 'அஃபிஷியல்' என்பதன் ஸ்டைலான வடிவம் என்று நினைத்து எழுதுகிறவர்களும் உண்டு, பாவம்.

'அன்க்சுவஸ்' (unctuous) என்பதிலும் கவனம். எண்ணெய் வழியும் போலிப் பணிவு அது. ஆட்டுக்கால் பாயாவைப் புகழ அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், மேனேஜரைப் புகழ வேண்டாம்.

பணிவு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'டெஃபரென்ஷியல்' (deferential) என்பது வயதிலோ பதவியிலோ பெரியவர் முன் காட்டும் அடக்கம். எம்.டி. தன் டீமிடம் அப்படி இருக்கிறார் என்று எழுதினால், அவர் அவர்களுக்கு அடங்கிப் போகிறார் என்றாகிவிடும். அவருக்குப் பெரும்பாலும் 'கிரேஷியஸ்' பொருந்தும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. உங்களை யாராவது 'பொலைட் டு எ ஃபால்ட்' என்றால் முகம் சுருங்க வேண்டாம். அதுவே ஒரு குறையோ என்னும் அளவுக்கு மரியாதை தெரிந்தவர் என்று பாதி கிண்டலாகச் சொல்லும் பாராட்டு அது.

அப்புறம், 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. ஜார்ஜ் கோட்டைக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் ஒருவருக்கொருவர் 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று எழுதி முடிப்பார்கள். அது வெறும் சம்பிரதாயம், அங்கே யாரும் யாருக்கும் வேலைக்காரர் இல்லை. அதன் மிச்சம் நம் பள்ளி லீவ் லெட்டரில் இருந்துவிட்டுப் போகட்டும். லண்டன் கிளையன்ட்டுக்குப் போகும் மெயிலில் 'ரிகார்ட்ஸ்' போதும்.