தொலைவில் உள்ள சீரியல் கருவியை நெட்வொர்க்கில் இணைக்கும்போது

கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் கணினியில் செர்2நெட் (சீரியல் போர்ட்டை நெட்வொர்க் வழியே எட்டச் செய்யும் நிரல்) நிறுவி, சீரியல் போர்ட்டை ஒரு டிசிபி போர்ட்டோடு (3001 என்று வைத்துக்கொள்வோம்) இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாட் ரேட் (சீரியல் தரவு ஓடும் வேகம்) கருவியின் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். 9600 இருக்க வேண்டிய இடத்தில் 19200 வைத்தால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும்.

செர்2நெட் தரவை அனுப்பும் முறைகளில் பலரும் சறுக்குவது டெல்நெட் முறையில். அதில் 255 என்ற பைட் கட்டளைக் குறி. தரவில் அதே பைட் வந்தால் இரண்டாக அனுப்பப்படும். வெறும் எழுத்துகள் ஓடும் கன்சோலில் இது கண்ணில் படாது. மோட்பஸ் ஆர்டியூ (தொழிற்சாலைக் கருவிகள் பேசும் நெறிமுறை) போன்ற பைனரி தரவில், மறுமுனை நிரலுக்கு டெல்நெட் தெரியாவிட்டால், எப்போதாவது ஒருமுறை சிஆர்சி (தரவு சிதையாமல் வந்ததா என்ற சரிபார்ப்பு) பிழை வரும். காரணம் தேடியே நாள் போய்விடும். பைனரிக்கு, பைட்டுகளை அப்படியே அனுப்பும் 'ரா' முறைதான் சரி. பாட் ரேட்டைத் தொலைவிலிருந்தே மாற்ற வேண்டுமானால் மட்டும் ஆர்எஃப்சி 2217 (போர்ட் அமைப்புகளை மாற்ற உதவும் டெல்நெட் நீட்டிப்பு). அதை மறுமுனை மென்பொருளும் ஆதரிக்க வேண்டும்.

சீரியல் கருவியை யூஎஸ்பி மாற்றி (கன்வர்ட்டர்) வழியே இணைக்கிறீர்களா? ரீபூட் ஆனதும் போர்ட் எண் 0 என்பது 1 ஆக மாறிவிடலாம். மாற்றியின் அடையாளத்தை வைத்து அமையும் பை-ஐடி (/dev/serial/by-id) பாதையையே கொடுங்கள்.

'ரா' இணைப்பில் கடவுச்சொல்லும் கிடையாது, குறியாக்கமும் கிடையாது. அதே கணினிக்குள் மட்டும் எட்டும் 127.0.0.1 முகவரியில் மட்டும் திறந்து வைத்து, எஸ்எஸ்எச் டன்னல் (குறியாக்கப்பட்ட இணைப்பு) வழியே உள்ளே வாருங்கள்.